வால்வு மாற்றிய அப்பாவுக்கு ஜின்செங் கொடுக்கலாமா?

கேள்வி இது: தென்கொரியாவில் வேலை பார்க்கும் மைத்துனர் ஊருக்கு வரும்போது, தெம்புக்கு என்று விற்கும் ஜின்செங் வேரிலிருந்து எடுத்த சிவப்பு ஜின்செங் சாறு இரண்டு ஜாடி வாங்கி வந்திருக்கிறார். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று கேள்வி கேட்டவருக்கு. அப்பாவுக்கு வயது 66. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், பிரஷருக்கு ஒரு மாத்திரையும் போடுகிறார். இதயத்தில் உலோக வால்வு வைத்ததிலிருந்து, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரையும் உண்டு. கேட்டவருக்கு 38 வயது, நைட் ஷிஃப்ட் வேலை, எந்நேரமும் அசதி. இருவரும் சாப்பிடலாமா, ஆண்மைக்கு நல்லது என்கிறார்களே அது உண்மையா, நம்ம ஊர் அமுக்கராவும் இதுவும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறார்.

நான் மருந்தியல் படித்தவன். ஒரு மருந்து இன்னொரு மருந்தோடு சேரும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. நடுவில் சில வருடம் கொரியாவில் டேஜான் நகரத்தில் இருந்தேன், அதனால் இந்த வேரை விளைகிற இடத்திலேயே பார்த்திருக்கிறேன்.

அப்பா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கொடுக்க வேண்டாம். கொஞ்சமாக, வாரத்துக்கு இரண்டு தடவை, வெந்நீரில் கலந்து என்று எந்தக் கணக்கிலும் வேண்டாம். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம். அசிட்ரோம் போடுபவர் விஷயத்தில் மட்டும் பேரமே கிடையாது.

செயற்கை வால்வின் மேல் ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்கத்தான் அசிட்ரோம் கொடுக்கிறார்கள். அதன் வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்கத்தான் அடிக்கடி ஐ.என்.ஆர். டெஸ்ட். என்ன வால்வு, எந்த இடத்தில் வைத்தது என்பதைப் பொறுத்து, அந்த எண் 2-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்கும்படி டாக்டர் மாத்திரை அளவை அமைத்திருப்பார். கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் உறைகட்டி. 1997இல் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 47 வயது ஆண், செயற்கை வால்வு வைத்தவர், அசிட்ரோம் வகையைச் சேர்ந்த வார்ஃபரின் போடுபவர். ஐ.என்.ஆர். 3.1 இருந்தது. ஜின்செங் கேப்ஸ்யூல் ஆரம்பித்த இரண்டு வாரத்தில் 1.5-க்கு இறங்கிவிட்டது. நிறுத்தச் சொன்னார்கள்; இரண்டு வாரத்தில் 3.3-க்குத் திரும்பியது. அவருக்கு அதோடு போயிற்று. 2003இல் பதிவான இன்னொருவருக்கு அப்படிப் போகவில்லை: வார்ஃபரினோடு ஜின்செங் கலந்த பொருள் ஒன்றையும் எடுத்துவந்தவருக்குச் செயற்கை வால்விலேயே ரத்தம் உறைந்துவிட்டது.

ஒன்றிரண்டு பேருக்கு நடந்ததை வைத்து இப்படிப் பயமுறுத்தலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 20 ஆரோக்கியமானவர்களிடம் முறையாகச் சோதித்தார்கள். வார்ஃபரினோடு அமெரிக்க ஜின்செங் சாப்பிட்டவர்களுக்கு ஐ.என்.ஆர். குறைந்தது. அதே வருடம் ஆஸ்திரேலியாவில் ஆசிய ஜின்செங்கை வைத்துச் செய்த ஆய்வில் குறிப்பிடும்படி மாற்றம் எதுவும் தெரியவில்லை. உங்களிடம் இருப்பது ஆசிய வேர்தான், அப்படியானால் பரவாயில்லையா? என் கணக்கு வேறு. அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் வேறு நோயில்லாத ஆட்கள், சில நாள் மட்டும் சாப்பிட்டவர்கள். உங்கள் அப்பாவுக்கு நான்கு மருந்து, உலோக வால்வு, 66 வயது. போதாததற்கு இந்த வேருக்கு எதிர்ப்பக்க குணமும் உண்டு. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைத்து ரத்த ஓட்டத்துக்கு உதவும் என்று பெட்டியில் போட்டுக்கொள்ளக் கொரிய அரசே அனுமதித்திருக்கிறது. ஆக, ஒரு பக்கம் அசிட்ரோமின் வேலையைக் குறைக்கலாம், இன்னொரு பக்கம் தட்டணுக்களைத் தளர்த்தலாம். எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத ஒன்றை வால்வு வைத்தவருக்குக் கொடுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஏற்கெனவே சில நாள் குடித்துவிட்டார் என்றால் பதற வேண்டாம். இன்றே நிறுத்திவிட்டு ஐ.என்.ஆர். ஒன்று எடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து இன்னொன்று எடுங்கள். ஏனென்றால் நிறுத்தும்போதும் எண் மாறும், அந்த 47 வயதுக்காரருக்கு ஏறியதுபோல. இதய டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். அசிட்ரோமை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

சர்க்கரை மாத்திரை இருக்கிறதே, அது அடுத்த காரணம். டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் 2000இல் ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். 3 கிராம் அமெரிக்க ஜின்செங்கை விழுங்கிவிட்டு 40 நிமிடம் கழித்துச் சர்க்கரைத் தண்ணீர் குடித்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறுவது சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் இருவரிடமும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2011இல் அமெரிக்காவில் கொரிய ஜின்செங்கையும் அதன் தனிச்சத்து ஒன்றையும் சில வாரம் கொடுத்துப் பார்த்தபோது, இன்சுலின் சுரப்பதிலோ உடம்பு அதைப் பயன்படுத்துவதிலோ ஒரு முன்னேற்றமும் இல்லை. சர்க்கரை மருந்தாக நம்புகிற அளவுக்கு இது வேலை செய்யாது. அதேசமயம் கிளிமிபிரைடு போன்ற, சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிவிடுகிற மாத்திரையோடு சேர்ந்தால் ஒருநாள் லோ சுகர் ஆக்கிவிடும் அளவுக்கு வேலை செய்யலாம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது வயதானவர்தான். பிரஷரைப் பற்றி முரண்பட்ட பேச்சு நிறைய உண்டு. சராசரியாகப் பெரிய ஏற்றமோ இறக்கமோ இல்லை என்பதுதான் ஆய்வுகளில் வருவது.

சரி, இனி வேருக்கு வருவோம். இங்கேதான் குழப்பமே ஆரம்பிக்கிறது.

உண்மையான ஜின்செங் என்பது பானாக்ஸ் என்ற தாவர இனம். அதில் மூன்று சந்தையில் முக்கியம்: கொரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் விளையும் ஆசிய ஜின்செங், அமெரிக்காவின் விஸ்கான்சினிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் பெரும்பாலும் விளையும் அமெரிக்க ஜின்செங், சீனாவின் யுன்னானில் விளையும் மூன்றாவது வகை. சீன வைத்தியத்தில் ஆசிய வேர் சூடு, அமெரிக்க வேர் குளிர்ச்சி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்கள் சீன மருந்துக் கடையில் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். அமெரிக்க வேர் சீனாவுக்குப் போன கதை சுவையானது. சீனாவில் இருந்த ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1711இல் ஜின்செங் செடியை விவரித்துக் கடிதம் எழுதி, கனடாவிலும் இது வளரலாம் என்று ஊகித்திருந்தார். அதைப் படித்த லஃபித்தோ என்ற இன்னொரு பாதிரியார் 1716இல் மொன்றியல் பக்கத்துக் காட்டில் தேடிக் கண்டுபிடித்தே விட்டார். 1784இல் அமெரிக்காவிலிருந்து சீனாவுக்குப் போன முதல் வணிகக் கப்பலின் முக்கியச் சரக்கே டன் கணக்கில் இந்த வேர்தான்.

மற்றபடி 'ஜின்செங்' என்று பெயர் ஒட்டிக்கொண்டு வருவதில் பாதி ஜின்செங்கே இல்லை. 'சைபீரிய ஜின்செங்' வேறு செடி. விளாதிவஸ்தோக்கில் இருந்த சோவியத் விஞ்ஞானி பிரெக்மன், விலை கூடிய கொரிய வேருக்கு மாற்றாக உள்ளூரில் ஒன்றைத் தேடிப் பிடித்தது அது. ஜின்செங்கில் இருக்கும் ஜின்செனோசைடு என்ற சத்து அதில் இல்லை. அமெரிக்காவில் 2002இல் சட்டமே போட்டார்கள், பானாக்ஸ் அல்லாத எதையும் ஜின்செங் என்று விற்கக் கூடாது என்று. 'பெரு ஜின்செங்' கடுகுக் குடும்பம். 'பிரேசில் ஜின்செங்' கீரைக் குடும்பம். 'இந்திய ஜின்செங்'தான் உங்கள் கடைசிக் கேள்வி: அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா. அது கத்தரி, தக்காளிக் குடும்பம். ஜின்செங்குக்கும் அதற்கும் தாவரவியலில் எந்த உறவும் இல்லை, உள்ளே இருக்கும் சத்தும் வேறு. இரண்டையும் 'தெம்புக்கு' என்று விற்கிறார்கள், அவ்வளவுதான் பொருத்தம்.

அமுக்கராவுக்குச் சித்த மருத்துவத்தில் தனி இடம் உண்டு, அதைப் பற்றி இங்கே விரிவாகப் பேசப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜின்செங் வேண்டாம் என்றார்களே, பதிலுக்கு அமுக்கராச் சூரணம் கொடுப்போம் என்று நாட்டு மருந்துக் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். அதற்கும் சர்க்கரையை இறக்கும் குணம் உண்டு, தைராய்டு ஹார்மோனை ஏற்றும் குணம் உண்டு. சிலருக்கு மஞ்சள் காமாலையோடு கல்லீரல் பாதிப்பு வந்ததாகவும் பதிவுகள் இருக்கின்றன. டென்மார்க் 2023இல் அதைத் தடையே செய்தது. தடை கொஞ்சம் அதிகம் என்பது என் கட்சி. ஆனாலும் நான்கு மாத்திரை போடுபவருக்கு அதையும் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

டேஜானிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்தான் கும்சான் இருக்கிறது. கொரிய ஜின்செங்கின் தலைநகரம் மாதிரி. அதன் ஜின்செங் விவசாய முறையை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2018இல் உலக வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வயல் வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பு, நீலத் துணிப்பந்தல் வரிசையாகச் சாய்ந்து நிற்கும், செடி கண்ணில் படாது. நேர் வெயில் ஆகாத செடி. நான்கிலிருந்து ஆறு வருடம் அந்த நிழலில் கிடக்க வேண்டும். எடுத்த பிறகு அதே நிலத்தில் பல வருடம் மறுபடி போட முடியாது, வேர் அழுகிவிடும். விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். சந்தையில் பச்சை வேரை மண்ணோடு கூடையில் குவித்து வைத்திருப்பார்கள். ஒரு 'சே' என்றால் 750 கிராம். வேரின் கழுத்தில் ஒவ்வொரு வருடமும் தண்டு உதிர்ந்த தழும்பு ஒன்று விழும். வியாபாரியம்மா அதைக் கட்டைவிரல் நகத்தால் எண்ணிக் காட்டி வயது சொல்வார். ரோட்டோரத்தில் முழு வேரை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து, பாகு தொட்டுச் சாப்பிடக் கொடுப்பார்கள். முதலில் இனிப்பு தெரியும், அப்புறம் மண்வாசனையோடு ஒரு கசப்பு நாக்கின் அடியில் நிற்கும்.

அந்தக் கசப்பில்தான் ஜின்செனோசைடு இருக்கிறது. சபோனின் வகை, சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பது இதே வகைச் சத்தால். ஒன்றல்ல, பல டஜன் ஜின்செனோசைடுகள் உண்டு. சில நரம்பைத் தூண்டும், சில அமைதிப்படுத்தும். அதனால்தான் ஒருவர் சுறுசுறுப்பு வந்தது என்கிறார், இன்னொருவர் நன்றாகத் தூங்கினேன் என்கிறார். பச்சை வேரை ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் செந்நிறமாகிறது, அதுதான் சிவப்பு ஜின்செங். வேகும்போது சில ஜின்செனோசைடுகள் சிதைந்து, பச்சை வேரில் அநேகமாக இல்லாத புதியவை உருவாகின்றன. நிறம் ஏறுவதற்கு மட்டும் செய்கிற வேலை அல்ல அது. இன்னொன்று: இவற்றில் பலவற்றைக் குடல் நேரடியாக உறிஞ்சாது. குடலில் இருக்கும் பாக்டீரியா அவற்றை உடைத்துக் கொடுத்தால்தான் ரத்தத்துக்குப் போகும். அந்த பாக்டீரியா எல்லோர் வயிற்றிலும் ஒரே அளவில் இல்லை. ஒரே ஜாடியிலிருந்து சாப்பிட்ட இரண்டு பேருக்கு இரண்டு விதமாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

கடைக்காரர்கள் ஆறு வருட வேர், முழு உடல் வேர், மனித உருவம் போன்ற வேர் என்று விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். வேதியியல்படி பார்த்தால், ஜின்செனோசைடு அதிகமாக இருப்பது மலிவாக விற்கும் அந்த மெல்லிய நார் வேர்களில். தடித்த நடுவேரில் விகிதம் குறைவு. அழகுக்குத்தான் விலை.

நிரூபணமான பலன் என்று பார்த்தால் எனக்கு ஓரளவு மரியாதை உள்ள ஆய்வு ஒன்று உண்டு. 2013இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் தலைமையில், புற்றுநோய் சிகிச்சையால் அசந்துபோன 364 பேருக்கு, பாதிப் பேருக்கு விஸ்கான்சின் வேரைப் பொடித்து அடைத்த கேப்ஸ்யூல் தினம் 2,000 மில்லிகிராம், மீதிப் பேருக்கு வெற்றுக் கேப்ஸ்யூல் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. எட்டாவது வாரத்தில் ஜின்செங் குழுவுக்கு அசதி உண்மையிலேயே குறைந்திருந்தது. பக்கவிளைவும் பெரிதாக இல்லை. உடனே சந்தோஷப்பட வேண்டாம்: 2017இல் வெளியான இன்னொரு ஆய்வில், முற்றிய புற்றுநோய் உள்ளவர்களுக்கு ஆசிய ஜின்செங் சாற்றைத் தினம் 800 மில்லிகிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்தபோது வெற்று மாத்திரையும் அதுவும் சமமாகவே வேலை செய்தன. இரண்டு குழுவுக்கும் அசதி குறைந்தது! வேர் வேறு, அளவு வேறு, காலம் வேறு. ஜின்செங் ஆய்வுகளைப் படிக்கும்போது எப்போதும் வரும் தலைவலி இது. 'ஜின்செங் நல்லது' என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாததற்கும் இதுவே காரணம்.

சளிக்கு ஓர் ஆய்வு உண்டு. 2005இல் கனடாவில் 323 பேருக்கு நான்கு மாதம் அமெரிக்க ஜின்செங் சாறு கொடுத்ததில், இரண்டு தடவையோ அதற்கு மேலோ சளி பிடித்தவர்கள் 10 சதவீதம், வெற்று மாத்திரைக்காரர்களில் 23 சதவீதம். சளி பிடித்தபின் குணமாக்குவதற்கு அல்ல, முன்கூட்டியே மாதக்கணக்கில் சாப்பிடுவதற்கு. சளிக்காக நான்கு மாதம் கேப்ஸ்யூல் விழுங்க நான் தயாரில்லை, உங்கள் விருப்பம். ஞாபகசக்திக்கு என்று பெட்டியில் போட்டிருப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 2010இல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்துவிட்டு அதைத்தான் சொன்னது.

ஆண்மை விஷயம். இதே காக்ரேன் அமைப்பு 2021இல் ஒன்பது ஆய்வுகளை, மொத்தம் 587 ஆண்களை, சேர்த்துப் பார்த்தது. அளவுகோல் வைத்து அளந்தபோது விறைப்புத்தன்மையில் வெற்று மாத்திரையைவிட வந்த முன்னேற்றம் அற்பம். 'உறவு கொள்ள முடிகிறதா' என்று நேரடியாகக் கேட்டபோது, முடிகிறது என்று சொன்னவர்கள் ஜின்செங் குழுவில் கொஞ்சம் அதிகம். ஆய்வுகளின் தரமும் சுமார்தான். எனக்கு இதில் பெரிய கவலை வேர் மேல் இல்லை. ஜின்செங் படம் போட்டு, 'முழுக்க மூலிகை' என்று விற்கும் ஆண்மை மாத்திரைகளில் வயாகராவில் இருக்கும் சில்டெனாஃபிலை ரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. அரை மணி நேரத்தில் வேலை செய்கிறது என்றால் அது மூலிகையின் வேலை இல்லை. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைக்கிறவர் அதைத் தெரியாமல் விழுங்கினால் பிரஷர் தாறுமாறாக இறங்கி உயிருக்கே ஆபத்து. 38 வயதில் இந்தப் பிரச்சினை உண்மையிலேயே இருந்தால், அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிற வீட்டில், முதலில் சர்க்கரையும் கொழுப்பும் டெஸ்ட் செய்ய வேண்டும். ரத்தக்குழாய்ப் பிரச்சினை சில சமயம் அங்கேதான் முதலில் தெரியும்.

பக்கவிளைவுகளில் அதிகம் வருவது தூக்கம் கெடுவது. அடுத்து தலைவலி, வயிற்றுக் கோளாறு, படபடப்பு. 1979இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 133 ஜின்செங் பிரியர்களைத் தொடர்ந்து பார்த்த சீகல் என்பவர், சிலருக்குப் பிரஷர், பதற்றம், தூக்கமின்மை, தோலில் தடிப்பு, காலையில் வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்து வந்ததாக எழுதினார். இன்றுவரை கட்டுரைகளில் அதை எடுத்துப்போட்டுப் பயமுறுத்துகிறார்கள். அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, ஆளாளுக்கு வேறு வேறு பொருளை வேறு வேறு அளவில் சாப்பிட்டிருந்தார்கள், பலர் காபியும் மொடா மொடாவாகக் குடித்திருந்தார்கள். அதனால் அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அளவு மீறிய ஜின்செங்கும் காபியும் சேர்ந்தால் படபடப்பு வரும் என்பதில் சந்தேகமில்லை.

யார் தொடவே கூடாது? கர்ப்பிணிகள். எலிக் கருவை ஆய்வகத்தில் வைத்துச் செய்த சோதனையில் ஒரு ஜின்செனோசைடு கருவின் வளர்ச்சியைக் கெடுத்தது. மனிதரிடம் அப்படி ஆகும் என்று அர்த்தமில்லை, ஆனால் தெரிந்துகொண்டே ஏன்? பால் கொடுப்பவர்களும் அப்படியே. மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் மாத்திரை போடுபவர்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது, சில சாறுகளுக்கு ஈஸ்ட்ரோஜன் போன்ற குணம் இருக்கலாம். மாதவிடாய் நின்றபின் இதைச் சாப்பிட்ட சிலருக்கு ரத்தப்போக்கு வந்ததும் பதிவாகியிருக்கிறது. சிறுநீரகம், கல்லீரல் மாற்றியவர்கள், தன் உடம்பையே தாக்கும் நோய்களுக்கு எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் விலகியே இருக்கட்டும். எதிர்ப்புசக்தியைத் தூண்டும் என்றுதானே இதை விற்கிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மாத்திரையைப் பல வருடம் பிரச்சினையில்லாமல் போட்டு வந்த ஒருவர், ஜின்செங் கலந்த எனர்ஜி டிரிங்க் குடிக்க ஆரம்பித்தபின் கல்லீரல் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்த கதை மருத்துவ இதழில் வந்திருக்கிறது. ஆபரேஷன் நாள் குறித்திருந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும், மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கென்றே கொரியாவில் பாக்கெட் விற்கிறார்கள். தேவையே இல்லாத செலவு.

இப்போது உங்கள் ஜாடி. முதலில் ஒன்று கேட்கிறேன்: அசதிக்கு ரத்தப் பரிசோதனை செய்தீர்களா? ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை இந்த நான்கும் பார்த்தாயிற்றா? குறட்டை உண்டா? நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? ஐந்து மணி நேரம் என்றால் அசதிக்குப் பெயர் தூக்கமின்மை, அதற்கு எந்த வேரும் மருந்தில்லை.

அதெல்லாம் சரியாக இருக்கிறது, மாத்திரை எதுவும் போடவில்லை, பிரஷர் சரியாக இருக்கிறது என்றால் தாராளமாகச் சாப்பிட்டுப் பாருங்கள். ஆரோக்கியமானவருக்கு மூன்று மாதம்வரை இது பெரும்பாலும் சாதுவான பொருள்தான். ஜாடிக்குள் கறுப்பாக, புளிக்கரைசலைவிடக் கெட்டியாக இருக்கும். கூடவே ஒரு சின்னக் கரண்டி வைத்திருப்பார்கள், ஒரு கரண்டி ஏறக்குறைய ஒரு கிராம். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம், கசப்புத் தாங்காவிட்டால் தேன் சேர்க்கலாம். லேபிளில் ஒரு நாளைக்கு மூன்று கரண்டி என்று போட்டிருந்தாலும் முதல் வாரம் ஒன்றோடு நிறுத்துங்கள். நேரம் முக்கியம். உங்களுக்குக் காலை என்பது தூங்கி எழுந்து வேலைக்குக் கிளம்பும் சாயங்காலம்தான். அப்போது குடியுங்கள், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் குடித்தால் இருக்கிற தூக்கமும் போய்விடும். அன்றைக்குக் காபியைப் பாதியாகக் குறையுங்கள். எட்டு வாரம் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றால் உங்கள் குடல் பாக்டீரியாவுக்கு இது ஒத்துவரவில்லை என்று விட்டுவிடலாம், அடுத்த ஜாடி வாங்க வேண்டாம்.

லேபிள் கொரிய மொழியில் இருக்கும், போன் கேமராவை வைத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். மூன்று ஜின்செனோசைடுகளின் கூட்டுத்தொகை எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். சிவப்பு ஜின்செங்கை எதிர்ப்புசக்திக்கும் களைப்புக்கும் என்று விற்க, ஒரு நாள் அளவில் அது 3-லிருந்து 80 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த எண் இருந்தால் பொருள் முறையானது. எண் இல்லாமல் வேர் படமும் மான் படமும் மட்டும் இருந்தால் அது மிட்டாய் வகை. அமெரிக்காவில் 2001இல் கடைகளில் வாங்கிய 25 ஜின்செங் பொருட்களைச் சோதித்தபோது செடி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஜின்செனோசைடு அளவு மட்டும் கேப்ஸ்யூல்களுக்குள் 15 மடங்குவரை வேறுபட்டது. நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பில் விற்கும் மல்டிவைட்டமின் கேப்ஸ்யூல்கள் சிலவற்றின் அட்டையிலும் ஜின்செங் பெயர் பெரிதாக இருக்கும். பின்பக்கம் திருப்பினால் சில பத்து மில்லிகிராம்தான். வேர்ப்பொடி நாளைக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிராம் என்பது ஜெர்மனியில் அரசு நிபுணர் குழு சொன்ன அளவு. வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவின் ஜாடியைத் திறக்கவில்லை என்றால் மாத்திரை எதுவும் போடாத உறவினர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், விலை கூடிய பொருள், தூக்கிப்போட மனசு வராது. உங்கள் ஜாடியை ஃப்ரிட்ஜில் வைக்கும்போது அப்பாவுக்கு எட்டாத இடமாகப் பாருங்கள். மகன் மட்டும் குடிக்கிறான், எனக்கு ஏன் இல்லை என்று ஒரு கரண்டி ருசி பார்க்கிற அப்பாக்கள் உண்டு. மைத்துனரிடமும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள், அடுத்த தடவை சமையலில் போடக் காய்ந்த வேர் வாங்கி வரலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். கொரியர்கள் கோழிக்குள் ஒட்டரிசியும் பூண்டும் இலந்தையும் ஜின்செங் வேரும் அடைத்து வேகவைக்கும் சம்கியேதாங் சூப்புக்கு அந்த வேர்தான் போடுவார்கள். வீட்டில் அதைச் செய்தால் அப்பாவின் பங்கை வேர் போடாமல் தனியாக வேகவைத்துவிடுங்கள்.